மூன்றரைக் குடும்பம்

அத்தியாயம் 6

"அரைக் குடும்பம்னா என்ன மேடம்? புருசனும் பொண்டாட்டியும் பேசிக்கிறதில்லையோ?"

நான் அடித்த ஜோக்குக்கு ரேணுகா மேடம் சிரிக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பொன்னுத்தாயி மட்டும் சிரித்தார். காலை பத்தரை மணிக்கு ஓர் அரசு அலுவலகத்தில் ஒருவரைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்பதால் அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

நாங்கள் சிவகங்கைக்கு வந்தது ஒரு மானிய விண்ணப்பத்தைப் பார்க்க. வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில், குடியிருப்பவர்களின் மின்சார வண்டிக்காக வீட்டுக்காரர் சார்ஜர் வைத்தால் செலவில் பெரும்பகுதியை அரசு கொடுத்துவிடும். விண்ணப்பித்தவர் பெயர் முத்தப்பன், முத்துப்பட்டணம், காரைக்குடி. மானியம் கிடைத்து, சார்ஜரும் சுவரில் ஏறிவிட்டது. எல்லாம் சுபம் என்று முடித்திருக்கலாம். ஆனால், "நான் விண்ணப்பிக்கவே இல்லை, அது என் கையெழுத்தே இல்லை" என்று அதே முத்தப்பன் போலீஸில் புகார் கொடுத்திருந்தார்.

அவர் கை காட்டியது கோபிநாத்தை. முன்பக்கப் போர்ஷனில் குடியிருக்கும் மின்சார ஆட்டோக்காரர். சார்ஜரால் யாருக்கு லாபமோ அவன்தான் கையெழுத்துப் போட்டிருப்பான் என்பது முத்தப்பனின் வாதம். இன்ஸ்பெக்டரோ, ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லி இன்று மாலை ஐந்து மணி வரை நேரம் கொடுத்திருந்தார். ஆதாரம் தேடித்தர முத்தப்பன் அமர்த்தியது, துப்பறியும் தொழில் செய்யும் ரேணுகா மேடத்தையும் அவர் உதவியாளனான என்னையும். ஐந்து மணிக்குக் கோபிநாத் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். வழக்குப் பதிவானால் வீடு போகும், ஆட்டோ போகும், நாலு வயதுப் பெண் குழந்தையோடு அந்தக் குடும்பம் தெருவுக்கு வரும்.

விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் ஒன்பதாவது கேள்வி, 'வளாகத்தில் குடியிருக்கும் குடும்பங்கள் எத்தனை?' அதற்கு நேரே நீல மையில், எழுத்தால், 'மூன்றரை' என்று எழுதியிருந்தது.

"தூக்கக் கலக்கத்துல எழுதிட்டாகன்னுதேன் நானும் நெனச்சேன்" என்றார் பொன்னுத்தாயி. "கம்ப்யூட்டரு அரைய வாங்க மாட்டேன்னுருச்சு. அதுனால இதுல இருந்த நம்பருக்கு போனப் போட்டேன். ஆட்டோக்காரருதேன் எடுத்தாரு. இருங்கன்னு சொல்லி ஒரு பொம்பளகிட்ட குடுத்தாரு. அந்தம்மா, 'தப்பு இல்லங்க, சரியாத்தேன் எழுதியிருக்கு'ன்னுச்சு. ஒடனே வச்சிருச்சு. நான் நாலுன்னு ஏத்திவிட்டேன்."

"முத்தப்பன் ஐயா இந்த முதல் பக்கத்தப் பாத்தாரா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல. கையெழுத்து இருக்க கடைசிப் பக்கத்த மட்டுந்தேன் அவருக்கு நகல் எடுத்துக் குடுத்தோம்."

முதல் பக்கத்துக்கும் ஒரு நகல் வாங்கிக்கொண்டு மேடம் எழுந்தார். காரில் ஏறியதும் சொன்னார்:

"அழகு, தப்பா எழுதுனவுக, கேட்டா திருத்துவாக. கேட்டும் திருத்த மாட்டேங்கிறாகன்னா அது தப்பு இல்ல."

"அப்ப அரை யாரு மேடம்?"

"அதத்தேன் பாக்கப் போறோம்."

காரைக்குடி புதிய பேருந்து நிலையத்து ஆட்டோ வரிசையில் கோபிநாத் மூன்றாவதாக நின்றிருந்தார். முப்பது வயசு இருக்கும். எங்களைக் கண்டதும், வரும் என்று தெரிந்த ஊசிக்குக் கையை நீட்டுகிறவர் போல எழுந்து நின்றார்.

"நாந்தேன் போட்டேன். எழுதிக்கங்க. அஞ்சு மணிக்கு நானே ஸ்டேஷனுக்கு வாரேன்."

எங்கள் தொழிலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கும். இவர் கடையைத் திறந்ததுமே சரக்கைக் கொட்டுகிறார்.

"சரி" என்றார் மேடம். "விண்ணப்பத்த எழுதுனதும் நீங்கதானா?"

"நாந்தேன்."

"எத்தன குடும்பம் இருக்குன்னு ஒரு கேள்வி. என்ன எழுதுனீக?"

"நாலுன்னு எழுதுனேன். இருக்கது நாலுதானே. நாங்க, டீச்சர் வீடு, ஐயா வீடு, அவுக மருமக நீலா ஆச்சி வீடு."

மேடம் என்னைப் பார்த்தார். நான் கோபிநாத்தைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அன்று வரவில்லை.

பேச்சை மாற்ற நான் வண்டியைத் தட்டிக்கொடுத்தேன். "ஒரு சார்ஜுக்கு எம்புட்டு ஓடும் அண்ணே?"

"நூத்தி முப்பது கிலோமீட்டர்னு சொன்னாய்ங்க. எங்க ஓடுச்சு. போன வருசம் தொண்டிக்குப் போயிட்டுத் திரும்பையில தேவகோட்டைலயே படுத்துருச்சு. ஒரு டீக்கடையில கெஞ்சிக் கூத்தாடி பிளக்குல சொருகிட்டு மூணு மணி நேரம் உக்காந்திருந்தோம்."

"தொண்டிக்கு ஆட்டோவுலயா? யாரக் கூட்டிப் போனீக?"

கோபிநாத்தின் முகம் சட்டென்று அடைத்துக்கொண்டது. "ஒரு சவாரி" என்றார். வண்டியை வரிசையில் முன்னால் நகர்த்தப் போய்விட்டார்.

கார் முத்துப்பட்டணத்துக்குத் திரும்பியது. மேடம் ஓட்டிக்கொண்டே கேட்டார்:

"ஒங்க திருப்பத்தூர்ப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு எப்படி வரி போடுவீக?"

"தலைக்கட்டுக்கு இம்புட்டுன்னு. ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு."

"தலைக்கட்டுல அரை உண்டா?"

"தலையில எப்படி மேடம் அரை? ஆபீஸ்ல சில பேருக்கு இருக்கும்."

"முத்தப்பன் ஐயா மாதிரி நகரத்தார்ல தலைக்கட்டு கிடையாது. புள்ளி. கல்யாணம் முடிச்ச ஒரு சோடி ஒரு புள்ளி. ஊர்ல எத்தன குடும்பம்னு கேட்டா இத்தன புள்ளின்னுதேன் சொல்லுவாக. எங்கப்பா அவுக கோயில்ல வேலை பாத்தவரு, சின்ன வயசுலருந்து கேட்டிருக்கேன். அந்த எண்ணிக்கையில அரை உண்டு."

"யாரு அரை?"

"வீட்டுல போயிப் பாத்துட்டுச் சொல்றேன். என் சந்தேகம் தப்பா இருந்தா நல்லது."

மேடம் தன் ஊகம் தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

முத்தப்பன் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முன்வாசல் சுவரில் அந்தச் சார்ஜர், ஒரு சாப்பாட்டு டப்பா அளவுக்குத்தான் இருந்தது. இதற்கா இத்தனை ரகளை என்று தோன்றியது. அதற்குப் பக்கத்திலேயே முத்தப்பன் நின்றிருந்தார். அறுபத்தைந்து வயசு, நிமிர்ந்த உடம்பு, இறங்காத கோபம்.

"கண் ஆபரேசனுக்குன்னு மெட்ராசுல ஒரு மாசம் இருந்துட்டு வந்தேன். வந்து பாத்தா இதை வச்சிருக்காய்ங்க. பழைய வயரு, இங்க வண்டிய சார்ஜுக்கு மாட்டாதேன்னு அவன்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன். ஆதாரம் கிடைச்சிருச்சா?"

"ஐயா, வீட்டுல இருக்கவுக எல்லாரையும் ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் மேடம்.

முதலில் டீச்சர் வீடு. சந்திரலேகா டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அவர் கணவர் லுங்கியோடு தரையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் பூரண ஆரோக்கியத்தோடு இருப்பதைப் பார்த்து மேடம் ஏன் பெருமூச்சு விட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்து உள்கட்டு. முத்தப்பனின் மனைவி உமையாள் ஆச்சி ஒரு தட்டு நிறையச் சீப்புச்சீடை கொண்டுவந்து வைத்தார்.

"சாப்புடுங்க. எம்மகன் ஸ்ரீநிக்குன்னு சுட்டது. மொசாம்பிக்ல வேலை பாக்குறான். இந்த மாசம் வாரேன்னு சொன்னான், லீவு தள்ளிப் போச்சாம். அவனுக்கு இது இல்லாம ஆகாது."

"ஒங்ககிட்ட பேசுவாரா ஆச்சி?"

"எங்க பேசுறான். மூணு வருசத்துக்கு முன்னாடி அப்பச்சிக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. வீட்டுல தன் பங்க விக்கணும்னு நின்னான். என் வாசப்படி மிதிக்காதன்னு இவுக சொல்லிட்டாக. அப்ப போனவன்தேன். பேசுறதெல்லாம் பொண்டாட்டிகிட்ட மட்டும். நீலா வந்து எங்களுக்குச் சொல்லுவா."

ஆச்சி உள்ளே போனதும் நான் ஒரு சீடையை வாயில் போட்டுக்கொண்டு, துப்பறிந்துவிட்ட பெருமையோடு சொன்னேன்:

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். புருசன் வெளிநாட்டுல, பொண்டாட்டி இங்க. அப்ப நீலா ஆச்சி வீடு அரைப்புள்ளி. சோடியில ஆள் கொறையுதுல்ல."

"கடல் தாண்டிப் போனா புள்ளி குறையாது அழகு" என்றார் மேடம் மெதுவாக. "பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போயி இருபது வருசம் திரும்பாதவுகளையும் முழுப்புள்ளியாத்தேன் எண்ணுனாக. சோடியில ஒருத்தர் செத்தாத்தேன் அது அரைப்புள்ளி."

வாயில் இருந்த சீடையை என்னால் கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உள்ளே ஆச்சி மிச்சச் சீடையை டப்பாவில் அடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மணி நாலு. நீலாயதாட்சி பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். முப்பத்திநாலு, முப்பத்தைந்து வயசுதான் இருக்கும்; நகரத்தார் வீட்டில் கல்யாணமான பெண் எந்த வயசிலும் ஆச்சிதான். கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், எல்லாம் இருந்தது. மேடம் ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை எடுத்து, மடித்து வைத்த துணிகளின் மேல் வைத்தார்.

நீலா அதைப் பார்த்தார். கையில் இருந்த துண்டை நாலாக மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"கோபி சொன்னாரா?"

"இல்ல. அவரு நாலுன்னாரு. இத நீங்கதேன் சொன்னீக."

அப்புறம் அவர் சொல்லத் தொடங்கினார். அழாமல் சொன்னார். அதைக் கேட்பது அழுகையைக் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"போன வருசம் சித்திரையில. மூளைக்காய்ச்சல்னு சொன்னாக. எல்லாம் முடிஞ்சுருச்சுன்னு கூட வேலை பாக்குறவருதேன் போன் பண்ணுனாரு. அது திங்கக்கெழம. எப்படிச் சொல்றதுன்னு மூணு நாளு முழுங்கிக்கிட்டே இருந்தேன். வியாழக்கெழம காலையில மாமா அவுகளா வந்து நின்னாக. 'அவன வரச் சொல்லுத்தா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்'னாக. ரெண்டு வருசத்துல மொத தடவையா மகன் பேச்சை எடுத்தாக. அதக் கேட்டப்பறம் எப்படிங்க சொல்றது? லீவு கிடைக்கலன்னு சொன்னேன். அன்னைக்கு ஒருநா சமாளிப்போம்னு நெனச்சேன். பதினாலு மாசம் ஆயிருச்சு."

"சாம்பல்?"

"அந்த ஆளு லீவுல வரும்போது கொண்டாந்து குடுத்தாரு. தொண்டிக் கடல்ல கரைச்சேன். கோபிதேன் கூட்டிப் போனாரு. திரும்பையில சார்ஜ் எறங்கி, தேவகோட்டை டீக்கடையில உக்காந்திருந்தோம். அந்த மூணு மணி நேரந்தேன் நான் அழுதது. அதுக்கப்பறம் அழ இடம் இல்ல. ராத்திரி அழுதா அயித்தைக்குக் கேட்டுரும்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜோக்கடிக்கிறவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது எதற்கு என்று மேடம் நினைத்திருக்கலாம். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"வண்டிய இங்க மாட்டாதேன்னு மாமா சொன்னதும் கோபி வீட்டக் காலி பண்றேன்னாரு. அவுக வீட்டுல ரெண்டு பேருக்குந்தேன் விசயம் தெரியும். அவுகளும் போயிட்டா, நான் யாருகிட்டங்க உண்மையாப் பேசுவேன்? இந்த மானியத்தப் பத்தி பேப்பர்ல பாத்தேன். மாமா மெட்ராசுல இருந்தாக. அவுக கடுதாசி எல்லாம் நான் எழுதுறதுதேன். கையெழுத்தும் வந்துருச்சு. தப்புதேன்."

"எல்லாத்தையும் மறைச்சீக. குடும்பம் எத்தனைங்கிறத மட்டும் ஏன் மறைக்கல?"

நீலா அந்தத் தாளின் அடியில் விரலை வைத்தார். 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று அச்சடித்திருந்தது.

"அவுகளுக்காக நான் இதுவரைக்கும் எங்கயும் எதுவும் எழுதல. கோயில்ல சொல்லல, சடங்கு செய்யல. எங்கயாச்சும் ஒரு இடத்துல அவுக இல்லன்னு இருக்கணும்ல. நாலுன்னு எழுதப் பேனாவ வச்சேன். கை வரல."

வாசல் பக்கமிருந்து முத்தப்பனின் குரல் கேட்டது. மணியைச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார். இன்னும் அரை மணி நேரத்தில் கோபிநாத் போலீஸ் ஸ்டேஷனில் இருப்பார்.

"ஆச்சி" என்றார் மேடம், "கோபிநாத் பழிய ஏத்துக்கிட்டு உள்ள போகத் தயாரா இருக்காரு. நான் இத எப்படி எழுதணும்னு சொல்லுங்க."

நீலா எழுந்தார். முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டார். "வாயால சொல்ல வராது எனக்கு. மாமாவே எண்ணிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முன்கட்டை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

முத்தப்பன் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நீல எழுத்தைப் பார்த்ததும், "இது ஒன் எழுத்துல்ல?" என்றார். முகம் சிவந்தது. சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கண் ஒன்பதாவது கேள்விக்கு வந்துவிட்டது.

"மூன்றரையா?" அவர் விரலை மடக்கினார். "கோபி ஒண்ணு. டீச்சர் ஒண்ணு. நாங்க ஒண்ணு."

நாலாவது விரல் மடங்கவில்லை. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மருமகளைப் பார்த்தார். நீலா தலை குனிந்திருந்தார். ஒரு நிமிஷத்தில் பத்து வயசு ஏறி ஒரு மனுஷன் கிழவனாவதை நான் பார்த்தேன். எனக்குப் பிடிக்காத ஆள்தான் அவர். ஆனாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"எப்ப?" என்றார்.

"போன சித்திரையில மாமா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சார்ஜருக்குக் கீழே மெல்ல உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே கேட்டார்:

"நானும் சித்திரையிலதானே அவன வரச் சொன்னேன்? நீ சொன்னியா அவன்ட்ட?"

நீலா நிமிர்ந்தார். அவர் குரல் துளியும் நடுங்கவில்லை.

"சொன்னேன் மாமா. அன்னைக்கே போன்ல சொன்னேன். ஆசுபத்திரியிலதேன் இருந்தாக. நெனப்பு இருந்துச்சு. 'அப்பச்சியா அப்படிச் சொன்னாக?'ன்னு ரெண்டு தடவ கேட்டாக. ஒடம்பு தேறுனதும் வாரேன்னு சொன்னாக."

திங்கட்கிழமை செத்துப்போனவரிடம் வியாழக்கிழமை எப்படிச் சொல்ல முடியும்? எனக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியும். முத்தப்பன் மெதுவாக ரேணுகா மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"ரேணுகாம்மா, நீங்க எல்லாத்தையும் விசாரிச்சீகல்ல? இவ சொல்றது நெசந்தானா? அவன் காதுல விழுந்துச்சா?"

பதினோரு வருஷமாக மேடத்திடம் வேலை பார்க்கிறேன். எங்கள் பிழைப்பில் பாதி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை என்றைக்கோ விட்டுவிட்ட பீடியைக்கூட மறைக்காமல் எழுதிக்கொடுத்து, வந்த வேலைகளை இழந்தவர் அவர். பொய் சொன்னால் தொழிலையே விட்டுவிடுவேன் என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"நெசந்தேன்யா" என்றார் மேடம். "நான் விசாரிச்சுட்டேன்."

முத்தப்பன் தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

"முத்தப்பன் பேசுறேன். அந்தக் கையெழுத்து என்னுதுதேன். வயசாயிருச்சு, மறந்துட்டேன். அந்தப் பையன வரச் சொல்லாதீக. நாளைக்கு நானே வந்து எழுதிக் குடுக்குறேன்."

போனை வைத்துவிட்டு, சுவரில் கை ஊன்றி எழுந்தார். நீலாவின் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தவர் அந்தக் கை பட்டதும் உடைந்து அழுதார். இந்தத் தடவை அவர் சத்தத்தை அடக்கவில்லை.

"நல்லா அழுத்தா" என்றார் முத்தப்பன். "ஒன் அயித்தைட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

அவர் உள்கட்டுக்கு நடந்தார். அடுப்படி வாசலில் நின்று தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உமையா" என்று கூப்பிட்டார்.

"இந்தா வாரேன்" என்றது உள்ளே இருந்து ஆச்சியின் குரல்.